ஸ்காட்லாந்து சபையில் யூத் வொர்க்கர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தில் ஒரு சபையில் இளையோர் ஊழியம் செய்கிறேன் என்று தெரிந்ததில் இருந்து, ஊரில் வாலிபர் ஐக்கியத்தில் இருப்பவர்களும் இறையியல் படிக்கிற தம்பி தங்கைகளும் கேட்கிற கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். விசா, சம்பளம் பற்றிய எண்கள் மாறக்கூடியவை. பணம் கட்டும் முன் பிரிட்டன் அரசின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

யூத் வொர்க்கர் என்றால் அங்கே என்ன வேலை? நம் வாலிபர் ஐக்கியம் மாதிரியா?

இல்லை. நம் ஐக்கியத்துக்கு வருகிறவர்கள் சபைக் குடும்பத்துப் பிள்ளைகள். ஓய்வுநாள் பள்ளியில் வசனம் மனப்பாடம் செய்தவர்கள், கீர்த்தனை தெரிந்தவர்கள், திடப்படுத்தல் எடுத்தவர்கள். முப்பது வயதைத் தொட்டவர்கள்கூட இருப்பார்கள். இங்கே யூத் வொர்க்கரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் 11, 12 வயதில் இருந்து 18 வரை உள்ள பள்ளிப் பிள்ளைகள். அவர்களில் பலருடைய அப்பா அம்மாவே கோவிலில் வளர்ந்தவர்கள் அல்ல. கர்த்தருடைய ஜெபம் தெரியாது, ஈஸ்டர் என்றால் சாக்லேட் முட்டை. வெள்ளிக்கிழமை மாலை கோவில் ஹாலில் விளக்கு எரியும், சூடாக இருக்கும், டேபிள் டென்னிஸ் இருக்கும் என்று வருகிறவர்கள். அவர்களோடு வாராவாரம் இருப்பதுதான் வேலை. ஞாயிற்றுக்கிழமை வரும் சபைப் பிள்ளைகளையும் நீங்கள்தான் பார்ப்பீர்கள். அவர்கள் நான்கைந்து பேராக மட்டும் இருக்கலாம்.

மேடையும் மைக்கும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சபைகளே காலியாகிக்கொண்டிருக்கும் நாட்டில் எதற்கு வெளியூர் ஆள்?

காலியாவது உண்மைதான். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்களில் 51.1 சதவீதம் பேர் தங்களுக்கு மதம் இல்லை என்று எழுதினார்கள். 2011-இல் அது 36.7 சதவீதம். சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து என்று எழுதியவர்கள் அதே இடைவெளியில் 32.4-இல் இருந்து 20.4 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள். பக்கத்துச் சபைகளை இணைக்கிறார்கள், கட்டடங்களை விற்கிறார்கள். நம் சேகரங்களில் ஒரு குருவானவர் பல கிளைச் சபைகளைப் பார்ப்பதுபோல இங்கேயும் ஒரே போதகர் இரண்டு மூன்று கோவில்களுக்கு ஓடுகிறார்.

ஆனால் ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள், கோவிலில்தான் இல்லை. உள்ளூராட்சி நடத்திய இளையோர் மையங்கள் நிதி இல்லாமல் மூடப்பட்ட இடங்களில், மாலையில் அவர்களுக்காகத் திறக்கிற ஒரே கதவு கோவில் ஹாலுடையதாக இருக்கும். போதகருக்கு நேரம் இல்லை. சபை நிர்வாகத்தில் இருக்கும் மூப்பர்களில் பலருக்கு எழுபது வயது. அதனால்தான் ஆள் தேடுகிறார்கள்.

இந்த நாட்டுக்கு இது புதுப் பிரச்சினையும் அல்ல. ஓய்வுநாள் பள்ளியில் இருந்து வளர்ந்த பையன்கள் நழுவிப் போகிறார்கள் என்ற கவலையில்தான் வில்லியம் அலெக்சாண்டர் ஸ்மித் 1883-இல் கிளாஸ்கோவில் பாய்ஸ் பிரிகேட் என்ற கிறிஸ்தவ இளையோர் அமைப்பைத் தொடங்கினார். அது இன்றும் பல கோவில் ஹால்களில் நடக்கிறது. நீங்கள் சேரும் சபையில் இருந்தால் முதல் வாரமே போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பல வருஷமாக அதை நடத்தும் அண்ணன்மார்களுக்கு ஊரின் எல்லாக் குடும்பங்களையும் தெரியும்.

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆள். எந்தச் சபை ஒத்துவரும்?

சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்துதான் பெரியது. பிரெஸ்பிட்டேரியன் முறை, பேராயர் கிடையாது. போதகரும் மூப்பர்களும் சேர்ந்த கூட்டம் சபையை நடத்துகிறது. அதற்கு மேலே வட்டார அளவில் பிரெஸ்பிட்டரி, எல்லாவற்றுக்கும் மேலே மே மாதம் எடின்பரோவில் கூடும் பொதுப்பேரவை. பெண்கள் 1966-இல் இருந்து மூப்பராகவும் 1968-இல் இருந்து போதகராகவும் ஆகலாம். நமக்கு இது அந்நியச் சபை அல்ல. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் சேர்ந்த மரபுகளில் பிரெஸ்பிட்டேரியனும் ஒன்று. எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோவிலும், 1837-இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியில் இருந்து வளர்ந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரியும் ஸ்காட்லாந்துக்காரர்களின் வேலை. மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின், சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து அனுப்பிய மிஷனரி. அவர் பிறகு பிரிட்டனுக்குத் திரும்பி, இந்த மேற்கத்திய நாடுகளே மிஷன் களம் என்று எழுதினார். நேர்காணலில் இதைச் சொன்னால் மூப்பர்கள் முகம் மலரும்.

இது தவிர ஃப்ரீ சர்ச், பாப்டிஸ்ட், எபிஸ்கோபல், பெந்தெகொஸ்தே, கத்தோலிக்கச் சபைகள் எல்லாம் உண்டு. ஃப்ரீ சர்ச் பழமைவாதப் போக்கு கொண்டது. லூயிஸ் தீவில் வலுவாக இருக்கிறது. அங்கே இசைக்கருவி இல்லாமல் கேலிக் மொழியில் சங்கீதம் பாடுவதைக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். ஓய்வுநாள் ஆசரிப்பும் அங்கே கண்டிப்பானது. அந்தத் தீவின் துறைமுக ஊரான ஸ்டோர்னோவேக்கு ஞாயிற்றுக்கிழமைக் கப்பல் ஓடத் தொடங்கியதே 2009-இல்தான்.

சேரும் முன் ஒன்றை நேராகக் கேட்டுவிடுங்கள். ஒருபாலினத் திருமணத்தை விரும்பும் போதகர்கள் நடத்திவைக்கலாம் என்று சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து 2022-இல் அனுமதித்தது. மற்ற சில சபைகள் அதை ஏற்கவில்லை. உங்கள் நம்பிக்கை எந்தப் பக்கம் இருந்தாலும், சபையின் நிலைப்பாடு தெரியாமல் வந்து இறங்கினால் இரண்டு தரப்புக்கும் கஷ்டம். எல்லா வகைக் குடும்பங்களில் இருந்தும் பிள்ளைகள் உங்களிடம் வருவார்கள், எல்லாரையும் ஒரே அன்போடு வரவேற்கத்தான் வேண்டும்.

எந்த விசாவில் வரலாம்?

விசிட் விசாவில் வந்து வேலை செய்ய முடியாது. "முதலில் வாருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் சரி.

முறையான வழிகள் இவை. போதகப் பணி அல்லாத சமய வேலைக்கு ரிலிஜியஸ் வொர்க்கர் விசா: அதிகபட்சம் 24 மாதம், நிரந்தரமாகத் தங்க வழி இல்லை, துணையையும் பிள்ளைகளையும் அழைத்து வரலாம். பிரசங்கமும் மேய்ப்புப் பணியும் முக்கிய வேலையாக இருந்தால் மினிஸ்டர் ஆஃப் ரிலிஜன் விசா: மூன்று வருஷத்துக்குச் சற்று மேல் கிடைக்கும், நீட்டிக்கலாம், ஆனால் ஆங்கிலத்தில் பி2 (இடைநிலைக்கு மேற்பட்ட) நிலை தேவை. இரண்டுக்கும் ஸ்பான்சர் உரிமம் உள்ள சபையோ அமைப்போ உங்களுக்குச் சான்று எண் தர வேண்டும். சிறிய சபைகள் பலவற்றிடம் உரிமம் இருக்காது. அதனால் சம்பளத்தைக் கேட்கும் முன் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கையிருப்பாக 1,270 பவுண்டு காட்ட வேண்டும் (ஸ்பான்சர் பொறுப்பேற்றால் வேண்டாம்). மருத்துவக் கூடுதல் கட்டணம் வருஷத்துக்கு 1,035 பவுண்டு. அதை முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும், பலரும் தடுமாறுவது இங்கேதான். இந்தியா, இலங்கையில் இருந்து ஆறு மாதத்துக்கு மேல் வருகிறவர்கள் காசநோய்ப் பரிசோதனை சான்றும் எடுக்க வேண்டும்.

இந்தியக் குடியுரிமை, 18 முதல் 30 வயது, ஒரு பட்டம் இருந்தால் யங் புரொஃபஷனல்ஸ் திட்டம் என்று ஒன்று உண்டு. குலுக்கலில் பெயர் வந்தால் இரண்டு வருஷம், ஸ்பான்சர் தேவையில்லை. குடும்பத்தை அழைத்துவர முடியாது, 2,530 பவுண்டு சேமிப்பு காட்ட வேண்டும். உரிமம் இல்லாத சிறு சபைக்கு வேலை செய்ய இதுதான் சுலபமான வழி என்பது என் கருத்து.

ஏற்கெனவே இங்கே படிக்க வந்திருப்பவர்கள் வாரம் ஒரு மாலை சபையின் கிளப்பில் தன்னார்வலராக நின்று பார்க்கலாம். இந்த வேலை உங்களுக்கானதா என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

பி.வி.ஜி. என்றால் என்ன?

புரொடெக்டிங் வல்னரபிள் குரூப்ஸ் என்பதன் சுருக்கம். பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களின் பின்னணியைச் சரிபார்க்கும் திட்டம். டிஸ்க்ளோஷர் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பு நடத்துகிறது. இப்படிப்பட்ட பொறுப்புகளில் இருப்பவர்கள், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், 2025 ஏப்ரல் முதல் சட்டப்படி இதில் உறுப்பினராக இருக்க வேண்டும். பிரிட்டனுக்கு வெளியே நடந்தது அந்தப் பதிவில் இருக்காது என்பதால் ஊரில் இருந்து போலீஸ் சான்றும் கேட்பார்கள். இந்தியாவில் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகவும், இலங்கையில் காவல்துறைத் தலைமையகத்திலும் வாங்கலாம். சீக்கிரமே விண்ணப்பியுங்கள். உங்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்று மனம் நோக வேண்டாம். போதகர், டீ போடுகிற அம்மா என்று அந்தப் பொறுப்பில் யார் நின்றாலும் இதே சோதனைதான்.

பிள்ளைகளோடு பழகுவதில் என்னென்ன கட்டுப்பாடு?

நம் ஊரில் பாசமாகச் செய்கிற பல காரியங்கள் இங்கே செய்யக் கூடாதவை. ஒரு பிள்ளையோடு அடைத்த அறையில் தனியாக இருக்கக் கூடாது. குறைந்தது இரண்டு பெரியவர்கள் பார்வையில் இருக்க வேண்டும். மழை பெய்கிறது என்று ஒற்றைப் பிள்ளையைக் காரில் ஏற்றி வீட்டில் விடக் கூடாது. சொந்த வாட்ஸ்அப்பில், இன்ஸ்டாகிராமில் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது. பெற்றோர் எழுத்தில் அனுமதிக்காமல் படம் எடுத்துப் போடக் கூடாது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் யார் யார் என்று தெரியாமல் ஒரு மிட்டாய்கூடக் கொடுக்கக் கூடாது.

அடிப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். 2020 நவம்பர் 7-இல் இருந்து ஸ்காட்லாந்தில் பெற்றோர்கூடப் பிள்ளையை அடிக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் கடினமானது ரகசியம். ஒரு பிள்ளை அருகில் வந்து, "ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள்" என்றால் சரி என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "நீ பத்திரமாக இல்லை என்று எனக்குத் தோன்றினால் உதவக்கூடிய ஒருவரிடம் நான் சொல்ல வேண்டியிருக்கும், ஆனால் உனக்குத் தெரியாமல் செய்ய மாட்டேன்" என்று முதலிலேயே சொல்ல வேண்டும். கேட்டதை அப்படியே அன்றே எழுதிவைத்து, சபையின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுக்க வேண்டும். நாமே விசாரிக்கக் கூடாது, வீட்டுக்குப் போய்ப் பேசிச் சமாதானம் செய்யக் கூடாது. "குடும்ப மானம்" என்று மூடிவைத்துப் பழகிய ஊரில் இருந்து வருகிறோம். இந்த விதிகளால் ஒரு பிள்ளையின் துன்பம் நின்றதைப் பார்த்த பிறகு, இவை நம் ஊர்ச் சபைகளுக்கும் இதே கண்டிப்போடு வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஒரு வாரம் எப்படி இருக்கும்?

செவ்வாய், புதன் தயாரிப்பும் கூட்டங்களும். ஒரு நாள் மதிய இடைவேளையில் பள்ளிக்குப் போவீர்கள். ஞாயிறு காலை ஆராதனை. கோடையில் பள்ளி ஜூன் கடைசியில் மூடி ஆகஸ்ட் நடுவில் திறக்கும். அந்த இடைவெளியில் ஒரு வாரம் நம் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) போல ஹாலிடே கிளப்.

வாரத்தின் முக்கிய நாள் வெள்ளி. எங்கள் ஹாலில் எல்லாமே டோஸ்ட் போடுகிற மேஜையைச் சுற்றித்தான் நடக்கும். டோஸ்டரில் ஒரு நேரத்தில் நான்கு துண்டுதான் போகும். பின்னால் வரிசை நிற்கும். அந்த இரண்டு மூன்று நிமிடத்தில்தான் பிள்ளைகள் பேசுவார்கள். எதிரே உட்காரவைத்து "எப்படி இருக்கிறாய்?" என்றால் "ஃபைன்" என்பதோடு முடிந்துவிடும். நீங்கள் வெண்ணெய் தடவிக்கொண்டு, ரொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டால், பாட்டி ஆஸ்பத்திரியில் இருப்பதும் அப்பா வீட்டை விட்டுப் போனதும் வெளியே வரும். ஒரு பையன் வாரக்கணக்கில் ஹூட்டைக் கழற்றாமல் கதவுப் பக்கம் நின்றுவிட்டுப் போவான். அவனை உள்ளே இழுக்க யாரும் முயலவில்லை. பெயர் சொல்லி வணக்கம் மட்டும் சொல்வோம், ஒரு டோஸ்ட்டைத் தட்டில் வைத்துக் கொடுப்போம். ஒருநாள் என் கை நிறைய வேலை இருந்தபோது அவனே வந்து கத்தியை எடுத்துத் தடவ ஆரம்பித்தான். அதற்குப் பிறகு அந்த மேஜை அவனுடையது. சின்னப் பிள்ளைகள் அவனிடம்தான் போய் நிற்கிறார்கள்.

பெயர் சொல்லியா கூப்பிடுவார்கள்?

ஆமாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். நீங்களும் போதகரை அப்படித்தான் கூப்பிட வேண்டியிருக்கும். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பேசுவது புரியுமா?

முதல் சில மாதம் கஷ்டம், அதுவும் கிளாஸ்கோவில் விளையாட்டின் நடுவே கத்திப் பேசும்போது. மறுபடி சொல்லச் சொல்லுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்கள்.

பிள்ளைகளிடம் இயேசுவைப் பற்றி வெளிப்படையாகப் பேசலாமா?

கோவில் ஹாலில் பேசலாம். கிளப் சபையுடையது என்று பெற்றோருக்குத் தெரியும். அனுமதிப் படிவத்திலேயே எழுதியிருக்கும். மறைத்துவைத்துக் கூப்பிட்டு பிரசங்கம் செய்வதுதான் தவறு. பள்ளியில் வேறு விதி. அரசுப் பள்ளிகளில் வருஷத்துக்குக் குறைந்தது 6 முறை சமய அல்லது ஆன்மிகக் கூடுகை நடக்க வேண்டும் என்பது அரசின் வழிகாட்டல். அதற்குப் போதகரோடு யூத் வொர்க்கரையும் கூப்பிடுவார்கள். அங்கே "கிறிஸ்தவர்கள் இப்படி நம்புகிறார்கள்" என்று விளக்கலாம், "நீயும் ஏற்றுக்கொள்" என்று அழைக்கக் கூடாது. பிள்ளையை அதில் இருந்து விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

நடைமுறையில், கேள்வி அவர்களிடம் இருந்து வரும். "நீங்க நிஜமாவே இதை நம்புறீங்களா?" என்று டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டே கேட்பார்கள். மனப்பாடச் சாட்சி அந்த இடத்தில் எடுபடாது. நம்புகிறேன் என்றும், ஏன் என்றும் இரண்டு வாக்கியத்தில் உண்மையாகச் சொல்லுங்கள். அவர்கள் மேலே கேட்டால் மேலே சொல்லுங்கள்.

ரேஞ்சர்ஸ், செல்டிக் விஷயத்தில் கவனம் வேண்டும் என்கிறார்களே?

மேற்கு ஸ்காட்லாந்தில் கண்டிப்பாக வேண்டும். கிளாஸ்கோவின் இந்த இரண்டு கால்பந்து அணிகளுக்குப் பின்னால் புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கர் என்ற பழைய பிரிவினை இருக்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குத் தனி அரசுப் பள்ளிகளும் உண்டு. அணிச் சட்டை போட்டு வரக் கூடாது என்று சில கிளப்புகள் விதி வைத்திருக்கின்றன. எந்த அணி என்று கேட்டால் கிரிக்கெட் என்று சொல்லிவிடுங்கள். சாதி பார்த்துப் பழகிய சமூகத்தில் இருந்து வருகிற நமக்கு, பேரையும் பள்ளியையும் கேட்டே ஆளை எடைபோடும் வழக்கம் உடனே புரிந்துவிடும்.

சம்பளமும் வீடும்?

பணக்காரர் ஆக முடியாது. பல வேலைகள் பகுதி நேரம். அறக்கட்டளை நிதி இருக்கும் வரைதான். 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது, ஒவ்வொரு ஏப்ரலிலும் மாறும். வருமான வரி விகிதம் இங்கிலாந்தில் இருந்து வேறுபடும். வாடகை எடின்பரோவில் மிக அதிகம், சிறு ஊர்களில் குறைவு. முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் போட்டுவைக்க வேண்டும். சபை வீடு தருகிறதா, உள்ளூராட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரியும் ஹீட்டர் செலவும் யார் கட்டுவது என்று எழுத்தில் வாங்குங்கள். "ஊழியம்தானே, காசு பேசலாமா" என்ற கூச்சம் வேண்டாம். இங்கே அவர்களும் அப்படி நினைப்பதில்லை. மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் கிடையாது. 5 முதல் 21 வயது வரை பஸ் இலவசம், 2022 ஜனவரியில் இருந்து. கிளப்புக்கு வர காசில்லை என்ற நிலை அதனால் ஓரளவு போனது.

குளிரைச் சமாளிக்க முடியுமா?

குளிரைச் சமாளித்துவிடலாம், இருட்டுதான் கஷ்டம். டிசம்பர் கடைசியில் எடின்பரோவில் சூரியன் காலை 8.40-க்கு மேல் எழுந்து மாலை 3.40-க்கு மறைந்துவிடும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். குளிர்காலத்தில் மதியம் கொஞ்ச நேரமாவது வெளியே நடங்கள். சோர்வு வந்தால் விசுவாசக் குறைவு என்று நினைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தனிமை?

வரும். கிளாஸ்கோ, எடின்பரோ, அபர்தீனில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன; வீடுகளில் ஜெபக்கூட்டம் நடக்கும். மாதம் ஒருமுறையாவது போய்த் தமிழில் பாடிவிட்டு வாருங்கள். ஆனால் எல்லா ஓய்வு நேரத்தையும் அங்கேயே கழித்தால் வேலை செய்கிற ஊர் உங்களுக்குச் சொந்தமாகாது. மூப்பரின் வீட்டுக்கு சூப் குடிக்கக் கூப்பிட்டால் போங்கள். வாராந்திர விடுமுறை நாளை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டு வருஷத்தில் என்னதான் செய்துவிட முடியும்?

எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். இந்தப் பிள்ளைகளில் பலர் பெரியவர்கள் வந்து வந்து போவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள்: சமூகப் பணியாளர், ஆசிரியர், சில நேரம் அப்பா. நம்பிப் பழகிய பிறகு விசா முடிந்து நாமும் கிளம்பினால் அந்தப் பட்டியலில் இன்னொரு பெயர். அதனால், வந்த முதல் மாதத்தில் இருந்தே நீங்கள் இல்லாத நாளுக்காக வேலை செய்ய வேண்டும்.

உங்கள் பாட்டும் கிட்டாரும் இல்லாமல் கிளப் நடக்குமா என்று பாருங்கள். நடக்காது என்றால் திட்டத்தை மாற்றுங்கள். ஓய்வுபெற்ற அக்கா ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர், பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மா ஒருவர் என்று உள்ளூர் ஆட்களைத் தேடிப் பிடித்து, பி.வி.ஜி. எடுக்கவைத்து, சாவியை அவர்கள் கையில் கொடுங்கள். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளைச் சின்னவர்களுக்கு உதவவிடுங்கள். அவர்களுடைய மணி நேரங்களை சால்டைர் விருது, எடின்பரோ கோமகன் விருது போன்ற இளையோர் விருதுகளுக்குக் கணக்கில் எழுதலாம்; வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது அவர்களுக்கு உதவும். உங்கள் நோட்டில் இருப்பதையெல்லாம் அடுத்தவர் படித்து நடத்தும்படி எழுதிவையுங்கள்.

கிளம்பும் தேதியைப் பிள்ளைகளிடம் மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கோபப்படுவார்கள், சிலர் வருவதையே நிறுத்துவார்கள். திரும்பி வந்து விடைபெற அவர்களுக்கு நேரம் கிடைக்க வேண்டும். கடைசி வாரம் கேக் வெட்டி அறிவிப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

எண்ணிக்கை கேட்டு ஊரில் இருந்து கடிதம் வந்தால், எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்று எழுத உங்களிடம் பெரிய கணக்கு இருக்காது. எத்தனை உள்ளூர்க்காரர்கள் இப்போது கிளப்பை நடத்துகிறார்கள் என்று எழுதுங்கள். அனுப்பிய சபைக்கு இதை முன்கூட்டியே விளக்கிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் இருக்காது.

கிளம்பும்போது என்ன எடுத்துவர வேண்டும்?

சான்றிதழ் மூலப்பிரதிகள், போலீஸ் சான்று, போதகரின் பரிந்துரைக் கடிதம், தமிழ் வேதாகமம், பாமாலை. மசாலா எல்லாம் கிளாஸ்கோவிலேயே கிடைக்கும், பெட்டியை அதில் நிரப்ப வேண்டாம். ஊரில் வாங்கும் ஸ்வெட்டர் இங்கே போதாது; கனமான கோட்டையும் தண்ணீர் புகாத ஷூவையும் வந்த பிறகு வாங்குங்கள், பழைய பொருட்கள் விற்கும் அறக்கட்டளைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். குடையை நம்பாதீர்கள், காற்று மடக்கிவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் உதவும்.